அப்பா என்று கூப்பிடுகிறவரிடம் எதற்குப் பயபக்தி?

"கடவுளை அப்பா என்கிறீர்கள், சிநேகிதர் என்கிறீர்கள். அப்புறம் தினசரி வாழ்க்கையில் பயபக்திக்கு எங்கே இடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். என் கதையைச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடு கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம்). தட்டு வந்ததும் நெற்றியில் இரண்டு விரலை வைத்து, கண்ணை அரைகுறையாக மூடி, நாலு நொடியில் ஜெபத்தை முடித்துவிடுவேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சம். ஒருநாள், என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர் அக்கறையாக விசாரித்தார்: தினமும் சாப்பாட்டு நேரத்தில் உனக்குத் தலைவலி வருகிறதே, பனடோல் மாத்திரை வேண்டுமா? சாப்பிட்டு முடித்து அவர் சூராவுக்கு, அதாவது முஸ்லிம்களின் தொழுகை அறைக்குப் போனார். கையை முழங்கைவரை, காலைக் கணுக்கால்வரை கழுவிக்கொண்டு நிதானமாக உள்ளே நுழைகிறவர். நான் ஆண்டவரிடம் பேசியது அவர் கண்ணுக்குத் தலைவலியாகத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும்போது, வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டு வாசலில் நிற்பார். மூன்று வரிதான் ஜெபம். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாளும் ஜெபித்ததில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது "இயேசப்பா, நீ எனக்கு சைக்கிள் குடு" என்று ஆரம்பித்தேன். "கிராணியார்கிட்ட நீன்னு பேசுவியாடா?" என்று நிறுத்தினார். கிராணியார் என்றால் தோட்டத்துக் கணக்கர். அதோடு 'நீர்' ஒட்டிக்கொண்டது.

இந்த 'நீர்' விசேஷமானது. வீட்டில் யாரையும் நாம் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஜெபத்துக்கென்றே எடுத்து வைத்த பாத்திரம் மாதிரி. (தமிழ் பைபிளில் ஒரு வேடிக்கை: விசாரிக்கிற ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவிடம் "நீ யூதருடைய ராஜாவா" என்று கேட்கிறான்; அவரோ "நீர் சொல்லுகிறபடிதான்" என்கிறார்.) அதற்காக, சொல்லிலேயே பக்தி இருக்கிறது என்று சாதிக்க மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முருகனை "வாடா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பக்தியில் பாதிகூட எனக்குக் கிடையாது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில், இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேயில் இருக்கிறது. மாற்கு 14-ல் இயேசு தரையிலே விழுந்து ஜெபிக்கிறார். விழுந்தபடியே சொல்லும் முதல் வார்த்தை "அப்பா". அடுத்து "எல்லாம் உம்மாலே கூடும்". முடிவில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே". அப்பா என்று கூப்பிடும் உரிமையும் தரையில் விழுகிற பணிவும் ஒரே மூச்சில் வருகின்றன. எபிரெயர் நிருபமும் அப்படித்தான்: 4-ஆம் அதிகாரத்தில் கிருபாசனத்தண்டைக்கு, அதாவது கடவுளின் கிருபையின் சிங்காசனத்துக்குத் தைரியமாய் வா என்கிறது, 12-ஆம் அதிகாரத்தில் பயத்தோடும் பக்தியோடும் ஆராதனை செய் என்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

தினசரி வாழ்க்கை என்றீர்களே, இது பரிசுத்த பூமி என்று கடவுள் சொல்லி மோசே செருப்பைக் கழற்றியது ஆலயத்தில் இல்லை. மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த இடத்தில், வேலை நேரத்தில். நாமோ வீட்டு வாசலில் தவறாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆராதனைக்குக் கையில் காப்பிக் கோப்பையோடு போகிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாற்றியது கொஞ்சம்தான். ஃபெடரல் ஹைவே ஜாமில் ஒரு கண்ணால் வாட்ஸ்அப் பார்த்தபடி இருபது நிமிடம் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். அலுவலகத்துக்குக் கீழே காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, போனைக் கவிழ்த்து வைத்து, பாட்டி மாதிரி மூன்று வரி. "உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக" என்று பைபிளின் பிரசங்கி புத்தகத்தில் இருப்பது எனக்கு வசதியாகவும் போயிற்று.

மாமாக் கடையில் இப்போது இரண்டு கையையும் மடியில் வைத்து, கண்ணை முழுசாக மூடுகிறேன். நண்பர் கரண்டியை எடுக்காமல் காத்திருக்கிறார். பெரிய மேலாளர் கூட வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்த இரண்டு விரலும் தானாக நெற்றிக்குப் போய்விடுகிறது.