கடைசி வரிசைக்குப் போய்ச் சேராத சொல்

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவில் நடிக்கிறேன். எனக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். "பின்னால் கேட்கவில்லை" என்று இயக்குநர் ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்கிறார். சத்தத்தைக் கூட்டினால் அரை மணி நேரத்தில் தொண்டை கம்மிவிடுகிறது. மேடையேற இன்னும் 6 வாரம்தான் இருக்கிறது. என் குரலே இவ்வளவுதானா, இல்லை மாற்ற முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: தம்பி, மெல்லிய குரலோடு வந்து பெரிய அரங்கை நிறைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் குரலைப் பற்றிய கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேட்கவில்லை என்றதும் கத்த ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

ஒரு மாணவியின் ஒத்திகையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "நீ செய்ததை நான் மன்னிக்க மாட்டேன்" என்பது வசனம். 'நீ செய்ததை' கணீரென்று வந்தது. 'மன்னிக்க' வரைக்கும்கூடச் சரி. 'மாட்டேன்' அவர் வாயைத் தாண்டவே இல்லை. என் பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "மன்னித்துவிட்டாளா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு சொல் விழுந்ததில் கதையே தலைகீழாகிவிட்டது.

தமிழில் நடிப்பவர்கள் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வருவேனா, வரமாட்டேனா, வந்துவிட்டேனா என்பது அங்கேதான் தெரியும். ஆனால் மூச்சு தீர்ந்துபோவதும் அதே இடத்தில்தான். தொடக்கத்தில் காற்றை அள்ளி வீசிவிட்டு, முடிவில் தொண்டையைப் பிழிகிறோம். உங்களுக்குக் கம்மல் வருவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே மூச்சிலிருந்து தொடங்குங்கள். தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது கை மேலே எழ வேண்டும், தோள் அசையக் கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குவதால்தான் வயிறு முன்னால் வருகிறது. பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் காற்றை விடுங்கள். முதல் நாள் 10 நொடி வந்தாலே போதும். நீளத்துக்காகக் கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம், சத்தம் ஏறி இறங்காமல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எழுந்து நின்று, அதே மாதிரி மூச்சு வாங்கி ஒரு வசனம் சொல்லுங்கள். அப்புறம் வசனத் தாளை எடுத்து, மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் சின்னக் கோடு போடுங்கள். வாக்கியம் முடியும் வரை தாங்கும் இடமாகப் பார்த்துப் போட வேண்டும். இந்தக் கோட்டைப் போடாமல் யாரும் என்னிடம் ஒத்திகைக்கு வர முடியாது, அவ்வளவு நம்புகிறேன் இதை.

அடுத்தது, கத்தாமல் எட்டுவது. பேசும்போது ஆணின் குரல் நாண்கள் நொடிக்கு 100 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று தட்டுகின்றன. பெண்ணுக்கு ஏறக்குறைய 200. கத்தினால் ஒவ்வொரு தட்டும் அடியாகிறது, நாண்கள் வீங்குகின்றன, கம்மல் வருகிறது. நம் காதுக்கோ சுமார் 3000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 3000 அதிர்வு உள்ள ஒலியின் பக்கம் கூர்மை அதிகம். பழகிய நடிகர்களின் குரலில் அந்தப் பகுதி தூக்கலாக இருக்கும். அந்தக் கணீரென்ற தன்மைதான் தூரம் போகிறது.

அதை வரவழைக்க நான் நம்பும் பயிற்சி ஸ்ட்ராவும் தண்ணீரும். பாதி தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை மூழ்கவிட்டு, அதன் வழியாக 'ஊ' என்று குரல் கொடுங்கள். குமிழி நிற்காமல் வர வேண்டும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று குரலை மெதுவாக வழுக்கவிடுங்கள். ஸ்ட்ராவில் எதிர்ப்படும் அழுத்தம் நாண்களுக்கு மேலே ஒரு மெத்தை போல நிற்பதால், அவை பலமாக மோதாமலே அதிர்கின்றன. 5 நிமிடம் செய்துவிட்டு, உதடு அதிரும்படி 'ம்ம்ம்' என்று முனகி, அப்படியே வசனத்துக்குள் போங்கள். குரல் தொண்டையை விட்டு முகத்துக்கு வந்துவிட்டது போல இருக்கும்.

உச்சரிப்புக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். சத்தமே இல்லாமல் வாயசைவிலேயே வசனத்தைச் சொல்லி, எதிரே இருக்கும் நண்பர் கண்டுபிடிக்கிறாரா பாருங்கள். உதடு சோம்பேறித்தனத்தை விட்டுவிடும். மழையில் நின்றவன் மலையில் நிற்பதாகக் கேட்காமலிருக்க ழகரத்துக்குத் தனியாக நேரம் கொடுங்கள்.

கனமான குரல் வேண்டும் என்று அடித்தொண்டையில் பேசிப் பழகாதீர்கள். நானும் மாணவனாக இருந்தபோது ராஜா வேடத்துக்காக அப்படி மூன்று நாள் கர்ஜித்தேன். மேடையேறிய அன்று வெறும் காற்றுதான் வந்தது. அந்த நாளை இன்னொரு பிள்ளை அனுபவிக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கனைப்பதையும் விட்டுவிடுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கினால் போதும். குடித்த தண்ணீர் குரல் நாணைத் தொடுவதில்லை, உடம்பு வழியாகத்தான் அங்கே ஈரம் போய்ச் சேர வேண்டும். அதனால் மேடைக்குப் பின்னால் நின்று மடமடவென்று குடிப்பதைவிட, காலையிலிருந்தே குடித்துவாருங்கள். தொண்டை கம்மிய அன்று பேச்சைக் குறையுங்கள், கிசுகிசுப்பதும் சிலருக்கு நாணை இறுக்கும். கம்மல் இரண்டு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், நாடகத் தேதி எதுவாக இருந்தாலும் சரி.

இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். நாடகத்தைப் படிக்காத ஒரு நண்பரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்கள். காலி அரங்கம் எதிரொலிக்கும். ஆட்கள் நிறைந்தால் உடம்பும் உடையும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அவருக்குச் சிரமமில்லாமல் கேட்டால்தான் கணக்கு. தாளில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே வசனத்தை, அதே நாற்காலியில், வேறொரு நண்பரை வைத்துப் பாருங்கள். இரண்டு தாளையும் எனக்கு அனுப்புவீர்களா? காத்திருக்கிறேன்.