ஐடிஐஎல் 4 பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

கண்டியில் ஒரு கொம்பனியின் சர்விஸ் டெஸ்க்கை, அதாவது கணினி முறைப்பாடுகளைக் கவனிக்கும் பிரிவை, நடத்துகிறேன். ஐடி சேவையை ஒழுங்காக நடத்துவதற்கான ஐடிஐஎல் வழிகாட்டி பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

ஹட்டன்: அக்கா, 2014இல் ஐடிஐஎல் 3 ஃபவுண்டேஷன் (ஆரம்பநிலைப் பரீட்சை) பாஸ் பண்ணினேன். இப்போது எல்லாரும் 4 என்கிறார்கள். படித்ததெல்லாம் வீணா?

வீணாகாது தம்பி. 1980களின் கடைசியில் பிரிட்டன் அரசாங்கம் தன் கணினிப் பிரிவுகளுக்காக எழுதத் தொடங்கியது இது. நீங்கள் படித்த 3, 2007இல் வந்து 2011இல் திருத்தப்பட்டது. 4 வந்தது 2019 பெப்ரவரியில். பழையதில் ஒரு சேவைக்கு ஐந்து கட்டங்களும் அவற்றுக்குள் 26 செயல்முறைகளும் இருந்தன. இப்போது 34 'பிராக்டிஸ்', அதாவது நடைமுறைகள். ஒரு வேலையின் படிகளை மட்டும் எழுதிவைத்தால் போதாது. அதைச் செய்யும் ஆட்கள், கருவிகள், வெளியே நாம் நம்பியிருக்கும் சப்ளையர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. இன்சிடென்ட் (வேலை தடைப்படுவது), பிராப்ளம் (அதற்குப் பின்னால் உள்ள காரணம்) போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

நுவரெலியா: ஹோட்டல் ஒன்றில் ஐடிக்கு நாங்கள் மூன்று பேர்தான். 34ஐயும் எப்படிச் செய்வது?

செய்யவே வேண்டாம். ஐடிஐஎல் 4இன் ஏழு வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்று, இருக்கும் இடத்திலிருந்து தொடங்கு என்பது. இன்னொன்று, எளிமையாக வை. என் கணக்கில் மற்ற ஐந்தையும் விட இவை இரண்டும்தான் சின்ன டீமுக்கு உதவும். முதலில் முறைப்பாடு வர ஒரே வழியை வையுங்கள்: ஒரு நம்பர், ஒரு ஷீட். ரிசப்ஷனிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில், மெனேஜர் நடைபாதையில் பிடித்து, கிச்சனிலிருந்து இன்னொருவர் ஆள் அனுப்பி என்று இருந்தால் எந்த வழிகாட்டியும் காப்பாற்றாது. இரண்டு மூன்று மாதம் எழுதிப் பாருங்கள், அடுத்து எதைப் பிடிப்பது என்று அந்த ஷீட்டே காட்டும். விலை கூடிய சொஃப்ட்வெயர் இப்போது வேண்டாம்.

தலவாக்கலை: தேயிலைத் தொழிற்சாலை ஒபிஸில் வேலை. பின்னேரம் கொழுந்து நிறை பதியும்போது கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடும். ரீஸ்டார்ட் பண்ணினால் சரி. இதற்கு மேல் என்ன எழுத இருக்கிறது?

இருக்கிறது, நிறையவே. வேலை தடைப்பட்டது, மறுபடி ஓடுகிறது: இன்சிடென்ட் அத்தோடு முடிந்தது. ஏன் நிற்கிறது என்பது தனிக் கேள்வி; அதுதான் பிராப்ளம், அது இன்னும் முடியவில்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதி 'சரி செய்யப்பட்டது' என்று மூடினால் அடுத்த வருஷமும் ரீஸ்டார்ட்தான்.

நிற்கும் நேரத்தை நிமிஷக் கணக்காகக் குறித்துவாருங்கள். பின்னேரக் கொழுந்து வந்ததும் வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகளைப் போடுவார்கள் அல்லவா? பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். யுபிஎஸ் பெட்டரி பழசு என்றால் கம்ப்யூட்டர் தாங்காது. இது என் ஊகம்தான். நேரங்கள் பொருந்தினால் சந்தேகம் வலுக்கும், பொருந்தாவிட்டால் வேறு பக்கம் தேடுங்கள். பொருந்தினால் திருத்த வேண்டியவர் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன், ஐடி ஆள் அல்ல. மேலே ஆட்களையும் சப்ளையரையும் சேர்த்துப் பார் என்றேனே, அது இதற்குத்தான். காரணம் பிடிபட்டும் புது பெட்டரிக்குக் காசு வரவில்லையா? 'தெரிந்த கோளாறு' என்று எழுதி, அதுவரை செய்ய வேண்டிய தற்காலிக வழியையும் பக்கத்தில் எழுதுங்கள். ஷிஃப்டுக்குப் புதிதாக வருபவர் தடுமாற மாட்டார்.

பதுளை: மிஸ், எங்கள் இடத்தில் பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் சின்ன சொஃப்ட்வெயர்) மாற்றவும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் அனுமதி வேண்டும். இதுவா ஐடிஐஎல்?

இல்லவே இல்லை. மாற்றங்கள் மூன்று வகை. அடிக்கடி செய்வது, ஆபத்து குறைவு, படிகள் தெரிந்தது என்றால் ஒரே தடவை அனுமதி வாங்கிவைத்துவிட்டுச் செய்துகொண்டே போகலாம். இது 3லும் இருந்தது, பலர் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, அப்படி முன்கூட்டியே அனுமதி வாங்காத சாதாரண மாற்றம்; அதை ஆபத்துக்குத் தக்கபடி உரிய ஆள் அனுமதிப்பார். எல்லாமே ஒரு குழுவிடம் போகத் தேவையில்லை. சர்வர் விழுந்துகிடக்கும்போது செய்யும் அவசர மாற்றம் மூன்றாவது. அந்தக் கூட்டத்துக்கு டேட்டாபேஸ் மாற்றம் போகட்டும். டிரைவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பண்டாரவளை: சர்டிஃபிகேட் காலாவதியாகுமாமே?

ஆம். 2021இல் பரீட்சை நடத்தும் பீப்பிள்சர்ட் நிறுவனம் ஐடிஐஎல்லை வாங்கியது. 2023 முதல் சர்டிஃபிகேட்டை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். நம் சம்பளத்துக்கு இது பாரம், எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கு எடுப்பவர் கேட்டால் மட்டும் புதுப்பியுங்கள். ஃபவுண்டேஷன் பரீட்சையில் 40 கேள்விகள், 60 நிமிஷம், 26 சரியானால் பாஸ். தாய்மொழியில் எழுதாதவர்களுக்கு 25 வீதம் கூடுதல் நேரம் உண்டு, பதியும்போதே கேளுங்கள்.

மாத்தளை: எங்கள் கொம்பனிக்கே ஐடிஐஎல் சர்டிஃபிகேட் எடுக்கலாமா?

முடியாது, அது தனி ஆட்களுக்கு. கொம்பனிக்கு வேண்டுமானால் ஐடி சேவைக்கான ஐஎஸ்ஓ 20000-1 தரச்சான்று இருக்கிறது, 2018 பதிப்பைப் பாருங்கள். டெண்டருக்காகக் கேட்கிறீர்கள் என்றால், அந்த டெண்டர் எதைக் கேட்கிறது என்று முதலில் வாசித்துவிடுங்கள்.