கர்ணன் இழந்த சக்திகள்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நெருப்பு, நீர், காற்று, மண் என்று நான்கு குலங்கள், குலத்துக்கு ஒரு மந்திர வித்தை. படித்த நண்பர்கள் எல்லா மந்திரமும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார்கள். வேறு எப்படி வகை பிரிக்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நெருப்பை வீசினாலும் நீரை வீசினாலும் நடப்பது ஒரே காரியம். சக்தி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். அதிலும் போகிற வழிதான் முக்கியம். கதை அங்கேதான் பிறக்கிறது.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கர்ண மோட்சம் கூத்து பார்த்திருப்பீர்கள். கர்ணனின் கவச குண்டலம் பிறவியிலேயே வந்தது. அவனாக அறுத்துக் கொடுத்தால்தான் போகும். அதனால்தான் இந்திரன் பிராமண வேஷத்தில் யாசகம் கேட்டு வருகிறான். அதற்கு ஈடாகக் கிடைத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைக்குத்தான். அர்ச்சுனனுக்கென்று பொத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் விடவேண்டி வருகிறது. பிரம்மாஸ்திரம் பரசுராமரிடம் படித்த வித்தை. எத்தனை முறை விட்டாலும் தீராது, ஆனால் பொய் சொல்லிப் படித்ததால் உயிர் போகும் நேரத்தில் மறந்துபோகும் என்பது சாபம். கடைசியில் மிஞ்சுவது தர்மம் செய்து சேர்த்த புண்ணியம். வில்லிபுத்தூரார் பாரதத்தில் கண்ணன் வேதியனாக வந்து அதையும் கேட்கிறான்; கர்ணன் தன் ரத்தத்தையே தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறான்.

கவசமும் புண்ணியமும் கொடைக்குணத்தால் போயின. சக்தி ஆயுதம் துரியோதனனுக்குப் பட்ட கடனில் போனது. ஆள் எப்படிப்பட்டவனோ அந்த வழியாகவே அவன் சக்தியும் போகிறது. உங்கள் நாவலுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

இன்னும் வகைகள் உண்டு. விசுவாமித்திரர் கோபத்தில் ரம்பையைச் சபிக்கிறார், சேர்த்த தவம் கரைந்துபோகிறது. வாலிக்கு எதிரே நிற்பவனின் பாதி பலம் வந்துவிடும், மறைந்து நிற்பவனிடம் அது செல்லாது. இரணியன் வரம் குறைவதே இல்லை. அவன் கேட்க மறந்த இடத்தில் நரசிங்கம் நுழைகிறது.

குலங்களை மாற்ற வேண்டாம். நீர்க் குலத்தைப் பாலாறு மாதிரி ஓர் ஆற்றங்கரையில் வையுங்கள்: வருஷத்தில் பெரும்பாலும் மணல், நல்ல மழை பெய்தால் வெள்ளம். தண்ணீர் ஓடும் நாளில்தான் வித்தை பலிக்கும் என்றால் அவர்களுடைய கல்யாணம், பஞ்சாயத்து, பகை எல்லாமே அந்த நாட்களைச் சுற்றி அமையும். எதிரியும் மணல் தெரியும் மாதம் பார்த்துத்தான் படையெடுப்பான். நெருப்புக் குலத்தாருக்குக் கோபப்பட்டால் சக்தி குறையும் என்று வையுங்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு நிற்கப் பழகிய ஒரு கூட்டம் உங்களுக்குக் கிடைக்கும்.

காற்றுக்கும் மண்ணுக்கும் நீங்களே யோசியுங்கள். எழுதியதும் அந்த அத்தியாயங்களை அனுப்புங்கள், ஆசையோடு படிப்பேன்.