தீப்பிடித்த அம்பாசிடரை மறுபடி ஓட்ட முடியுமா?

கேள்வி: நாங்கள் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். அப்பா 1984-ல் புதிதாக வாங்கிய அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, இன்றும் எங்களிடம் இருக்கிறது. போன மாதம் ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தினோம். பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்ததும் ‘புஸ்’ என்று சத்தம் கேட்டது, பானெட் இடுக்கில் தீ வந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் பவுடர் சிலிண்டர் அடித்தார், மற்றவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். யாருக்கும் காயம் இல்லை. வயரிங் முழுக்கப் போய்விட்டது, கார்பரேட்டர் பாதி உருகிவிட்டது, பானெட் நெளிந்துவிட்டது. ஒரு மெக்கானிக் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். இன்னொருவர் வேறு டீசல் இன்ஜின் வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு மனசே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: பழைய இரும்புக்குப் போட வேண்டாம். டீசல் இன்ஜினும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், எரிந்தது இன்ஜினைச் சுற்றியிருந்த பொருட்கள்தான். இன்ஜின் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை காகித வேலை. இன்ஷூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. முழு இன்ஷூரன்ஸ் என்றால் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசியில் குறிக்கும் வண்டி மதிப்பு, என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொண்ட தொகை. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். பழைய வண்டிகளுக்கு அந்தத் தொகை சிறியதாகவே இருக்கும் என்பதால் இது சுலபமாக நடந்துவிடும். அப்படி ஆனால் வண்டியை நீங்களே வைத்துக்கொள்வதாகவும், அதன் கழிவு மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். இதைப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாவின் கார் கைவிட்டுப் போன பிறகு வருந்துகிற குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது வேலை கழுவுவது. இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். வயர் மேல் இருக்கும் பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பஸ்ஸிலிருந்து அடித்த பவுடரும் பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அதுவும் ஈரம் பட்டால் அமிலமாகி இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும். ஒரு மாதம் ஏற்கனவே போய்விட்டது, சர்வேயர் பார்த்து முடித்த அன்றே கழுவிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டர் இருந்த துவாரத்தையும் சைலன்சர் வாயையும் துணியால் அடைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்பச் சோடா கரைத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் காற்று அடித்து உலர்த்தி, வெறும் இரும்பு தெரியும் இடமெல்லாம் லேசாக ஆயில் பூச வேண்டும். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சில ஆயில் சீல்கள் வைட்டான் (Viton) என்ற வகை ரப்பரில் செய்யப்பட்டவை. அவை எரிந்த பின் மிஞ்சும் பிசுபிசுப்பான கருப்புக் கழிவில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கலாம். அதை வெறுங்கையால் தொடவே கூடாது.

சரி, இனி தீ எதுவரை போனது என்று படிக்க வேண்டும். உருகிய பொருட்களே தெர்மாமீட்டர். ரேடியேட்டரின் இணைப்புகளை ஒட்டும் ஈயப்பற்று 200 டிகிரியைத் தொட்டாலே இளகத் தொடங்கும். கார்பரேட்டர் உடல் துத்தநாகக் கலவை, அது 385 டிகிரி அளவில் உருகும். அலுமினியத்துக்கு 660 வேண்டும், வார்ப்பு அலுமினியக் கலவைகள் இன்னும் கொஞ்சம் முன்பே இளகும். உங்கள் வண்டியில் கார்பரேட்டர் பாதிதான் உருகியிருக்கிறது. அப்படியானால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் அலுமினிய மூடிகளைப் பாருங்கள். அவற்றின் ஓரங்கள் கூர்மையாக அப்படியே இருந்தால் தீ மேலே மட்டும், கொஞ்ச நேரம் மட்டும் எரிந்திருக்கிறது. உங்கள் வண்டியின் 1,489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) ஹெட்டும் (அதன் மேல்மூடி) இரண்டுமே வார்ப்பிரும்பு. அந்த வெப்பம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பிளாக்குக்கு உண்மையான ஆபத்து தீயைவிடத் தண்ணீரில்தான். மலை ஏறிச் சூடான வார்ப்பிரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் விழுந்தால் விரிசல் விடலாம். இன்னொன்று, ஊற்றிய தண்ணீர் உருகிய கார்பரேட்டர் வழியாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். அம்பாசிடரில் ஹேண்டில் இருப்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான் வரம். தடை இல்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயிலை இறக்குங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சம்பைக் கழற்றி பேரிங்குகளைப் பார்த்தே ஆக வேண்டும். தீய்ந்த வாடை மட்டும் அடித்தால் சீல்கள் எல்லாம் மாற்ற வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி நேர்ச் சட்டம் வைத்துப் பாருங்கள். சட்டத்துக்கு அடியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு நுழைந்தால் முகம் அரைக்க வேண்டும். ஹெட், பிளாக் இரண்டையும் பிரஷர் டெஸ்டுக்கு அனுப்புங்கள். லாரித் தொழில் ஊறிப்போன ஊர் நம்முடையது. சேலத்திலும் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பெரிய டீசல் ஹெட்டுகளைத் தினமும் கையாளும் பட்டறைகள் இருக்கின்றன, இந்தச் சின்ன ஹெட் அவர்களுக்கு எளிய வேலை.

இப்போது காரணம். இதைக் கண்டுபிடிக்காமல் வண்டியைக் கட்டினால் மறுபடியும் எரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்ததும் தீ வந்தது என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த இன்ஜினில் கார்பரேட்டரும், சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், மேனிஃபோல்டுக்கு மேலே கார்பரேட்டர். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் செகண்ட் கியரில் ஏறுகிறோம், மேனிஃபோல்டு கொதிக்கிறது. வண்டி ஓடும்வரை ஃபேன் காற்றும், உள்ளே ஓடும் குளிர்ந்த பெட்ரோலும் கார்பரேட்டரைக் காப்பாற்றும். நிறுத்தியதும் ஃபேன் நின்றது, ரேடியேட்டர் தண்ணீர் ஓட்டம் நின்றது, கீழிருக்கும் சூடு அப்படியே மேலே ஏறும். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் கொதித்து வழியும். அந்த அறைக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வு தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது. பிறகு செல்ஃப் அடித்தீர்கள். அந்த நேரம் கார்பரேட்டர் வழியாக ஒரு பேக்ஃபயர், அதாவது இன்ஜினுக்குள்ளிருந்து பின்னோக்கிப் பாயும் சுவாலை, வந்தாலோ, செல்ஃப் மோட்டார் பிரஷ்ஷிலோ லூசான பேட்டரி முனையிலோ ஒரு பொறி பறந்தாலோ போதும். நீங்கள் கேட்ட ‘புஸ்’ பேக்ஃபயராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏர் கிளீனர் ஒழுங்காகப் பூட்டியிருந்தால் அந்தச் சுவாலை பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். சத்தம் நன்றாக இருக்கிறது, இழுவை வருகிறது என்று ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு. உங்கள் வண்டியில் அது இருந்ததா என்று பாருங்கள்.

அடுத்த சந்தேகம் பெட்ரோல் ட்யூப். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1984-ல் இந்த வண்டிக்குப் போட்ட ரப்பரும் பம்ப் டயாஃப்ரமும் கார்க் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பிப்போகும், பிறகு இறுகும், மடிப்பில் வெடிக்கும். மேனிஃபோல்டுக்கு மேலே தொங்கவிட்ட பிளாஸ்டிக் ஃபில்டர் இன்னொரு குற்றவாளி. ஐம்பது ரூபாய்ச் சாமான் ஒரு குடும்பத்தின் காரை எரித்துவிடும் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எரிந்த வயரிங்கையும் தூக்கி எறியும் முன் பாருங்கள். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், பானெட்டுக்குள் எரியும் பெட்ரோல் தீ சாதாரணமாக அவ்வளவு போகாது. வயர் முனையில் செம்பு மணியாக உருண்டிருந்தால் அந்த இடத்தில் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஆனால் அதுதான் தீக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. தீயில் உறை எரிந்து, பேட்டரி இணைப்பிலேயே இருந்ததால் பிறகு ஷார்ட் ஆகியிருக்கலாம். மணி இல்லையென்றால் பெட்ரோல் மேல் சந்தேகம் உறுதியாகிறது.

கட்டும்போது வயரிங்கை ஒட்டுப்போட விடாதீர்கள். டேஷ்போர்டு பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, பாதியை மாற்றினால் போதும் என்பார்கள். சூடு பட்ட உறை பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே இறுகியிருக்கும், ஒரு வருடத்தில் வெடிக்கும். முழு வயரிங்கும் புதிது. வீட்டு வயர் கூடாது, பல இழை கொண்ட ஆட்டோ வயர்தான். ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மி.மீ. வயர், கூடவே ரிலே. பழைய அம்பாசிடரில் ஃபியூஸ் மிகக் குறைவு, பல சர்க்யூட்டுகளுக்கு ஃபியூஸே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். தனித்தனி ஃபியூஸ், பேட்டரி பக்கத்தில் ஒரு மெயின் ஃபியூஸ், கைக்கெட்டும் இடத்தில் ஒரு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச். தகட்டைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் குரோமெட் இருக்க வேண்டும்.

பெட்ரோல் லைனை முடிந்தவரை உலோகக் குழாயாகவே கொண்டுவந்து, கடைசித் துண்டுக்கு மட்டும் எத்தனாலைத் தாங்கும், எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்ட ட்யூப் போடுங்கள். ஃபில்டர் டேங்க் பக்கம் போகட்டும். கார்பரேட்டருக்கு அடியில் வெப்பத் தடுப்புப் பேக்கிங்கும் தகடும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். புது கார்பரேட்டர், புது பம்ப் டயாஃப்ரம். பழையதைச் சுத்தம் செய்து போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், இன்ஜின் மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் அதே கணக்கு.

நெளிந்த பானெட்டைத் தட்டி நேராக்கச் சொல்லாதீர்கள். சூட்டில் விரிந்த தகடு அழுத்தினால் ‘டப் டப்’ என்று உள்ளே வெளியே போகும், எந்த டிங்கராலும் அதை முழுதாக அடக்க முடியாது. நல்ல பழைய பானெட் ஒன்று தேடுவது மேல். கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை இரண்டிலும் கேளுங்கள். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டை மட்டும் வெறும் இரும்பு வரை சுரண்டி, எப்பாக்ஸி பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்ட். அமிலத்தின் மேல் புட்டி போட்டு மூடினால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு கொப்பளிக்கும்.

டீசல் இன்ஜின் ஏன் வேண்டாம் என்றால், ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி வாங்கி, இன்ஜின் நம்பரையும் எரிபொருளையும் ஆர்சியில் மாற்றியாக வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைவிடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜாகப் பதிவு செய்யலாம். உங்கள் வண்டி 2034-ல் அந்த வயதைத் தொடும். இன்ஜினை மாற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிளாக் விரிசல் விட்டிருந்தால்கூட அதே பிஎம்சி பிளாக் தேடிப் போடுங்கள், நம்பர் மாற்றத்தை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை வயரிங்கும் பாடியும் பெயிண்டும்தான் பெரிய பங்கு, இன்ஜின் அல்ல. அதனால் எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் மொத்தமாகப் பேசாமல் மூன்று கட்டமாகப் பிரித்துப் பேசுங்கள். முதல் கட்டம் இன்ஜின் சோதனை. அதில் ஹெட்டும் பிளாக்கும் தேறிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் பணம் இறக்குங்கள்.

வண்டி தயாரானதும் நேராக ஏற்காடு போகாதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓமலூர் பக்கம் சமதளத்தில் ஓட்டி, ஒவ்வொரு முறை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, கார்பரேட்டர் அடியிலும் ட்யூப் முனைகளிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் செல்ஃப் தொடக்கூடாது. அதன் பிறகு அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவு மட்டும் ஏறி, நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, அதே சோதனை. அதில் தேறினால் முழு மலையும் ஏறலாம். மேலே போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு அணைத்து, பானெட்டைத் தூக்கி வையுங்கள். டிரைவர் சீட்டுக்குக் கீழே 2 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மறுபடி எப்போதாவது புகை வந்தால் பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும். கட்-ஆஃபை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, பானெட்டை விரல் அளவு மட்டும் தூக்கி அந்த இடுக்கு வழியாகப் பவுடரை அடியுங்கள்.