மலையக இலக்கியமும் வரலாறும் ஒரே வகுப்பில்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தரம் 10, 11 வகுப்புகளில் மலையகத் தமிழர் (இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர்) இலக்கியத்தையும் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பிப்பது பற்றி ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேர், முதலில் வரலாற்றைச் சொல்லிவிட்டுப் பிறகு இலக்கியத்துக்குப் போவதா? (தமிழ் ஆசிரியை)

வேண்டாம் டீச்சர். அப்படிச் செய்தால் பாட்டு வெறும் உதாரணமாகச் சுருங்கிவிடும். கோப்பிக் கன்று நட்ட மலையையும் அங்கே அண்ணனைப் பறிகொடுத்ததையும் சொல்லும் நாட்டார் பாடலை முதலில் வாசியுங்கள். "தேயிலை மலையில் கோப்பி எப்படி வந்தது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது 1869இல் தொடங்கிய, கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட இலை நோயைச் சொல்லுங்கள். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் அறுவடைக் காலத்தில்தான். வந்தவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால்தான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நிலைத்தன. இவ்வளவும் ஒரு பாட்டுக் கிளப்பிய கேள்வியிலிருந்து வந்துவிடும்.

நாட்டார் பாடலை ஆதாரமாக எடுக்கலாமா? (வரலாற்று ஆசிரியர்)

எதற்கு ஆதாரம் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கும் எண்ணிக்கைக்கும் அதை நம்பக்கூடாது. பாடப்பாட வரிகள் மாறியிருக்கும். கங்காணியைப் பற்றி (ஆள் சேர்த்து வேலை வாங்கிய மேற்பார்வையாளர்) தொழிலாளி என்ன நினைத்தார் என்பதை அறியப் பாட்டை விட்டால் வழி குறைவு. அன்றைய பதிவேடுகளை எழுதியவர் அவர் அல்லவே.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். (தரம் 11 ஆசிரியர்)

சட்டத்தை விளக்காதீர்கள், பிரயோகிக்கச் சொல்லுங்கள். கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள்: மகன் தோட்டத்தில் பிறந்தவன், தகப்பனும் அங்கேயே பிறந்தவர், ஆனால் தகப்பனுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. அந்த 18ஆம் இலக்கச் சட்டப்படி தகப்பன் இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எந்தக் காகிதத்தைக் காட்டி இவன் பிரஜையாவான்? வகுப்பே வாதாடட்டும். பிள்ளைகளின் சொந்தக் குடும்ப விவரத்தை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அதன்பின் சி.வி. வேலுப்பிள்ளையைக் கொண்டுவாருங்கள். மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தவர், 'வீடற்றவன்' நாவலை எழுதியவர், 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அந்தத் தேர்தலில் வாக்களித்த தோட்ட மக்களில் பெரும்பாலானோர், பிரஜாவுரிமை இல்லாமல் போனதால், 1952 தேர்தலில் வாக்காளரே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த நாவலின் தலைப்பைப் பார்க்கும் பிள்ளை வேறு விதமாகத்தான் வாசிக்கும். இலக்கியத்தையும் வரலாற்றையும் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

என் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் ஓரிருவர்தான். அவர்களை எழுப்பிப் பேசச் சொல்லலாமா?

கூடாது. லயத்தில் வாழ்ந்ததற்காக ஒரு பிள்ளை ஒரு சமூகத்துக்கே பேச்சாளர் ஆக வேண்டியதில்லை. தானாகப் பேச வந்தால் கேளுங்கள்.

எல்லாம் அழுகையாகவே இருக்கிறதே, சேர்?

தெரிவில்தான் கோளாறு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார்; அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை அரசியல் பாட்டெழுதி, பாடியே கூட்டம் சேர்த்தவர். அழுத மக்கள் எதிர்த்தும் நின்றார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்கு இரக்கம்தான் மிஞ்சும். எனக்கு அந்த இரக்கத்தின் மேல் பெரிய மதிப்பில்லை.

பரீட்சைக்கு இது வருமா?

வராமலும் போகலாம். கட்டுரைப் பயிற்சிக்கு உதவும், அதிபரிடம் அப்படிச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பாடத்தை முடிக்கலாமா? (வரலாற்று ஆசிரியை)

முடித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். அந்தச் சட்டத்தில் 1964 ஒக்டோபர் 30 என்ற திகதி வருகிறது. அது ஏன் என்று தேடச் சொல்லுங்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாராவது கேட்டார்களா என்பதைப் பிள்ளைகளே கேட்பார்கள். கப்பலேறி நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை தனி. அதற்கு இன்னொரு பாடவேளை ஒதுக்குங்கள்.