அந்த ஏடிஎம் கார்டு உங்களிடம் ஏன் இருக்கிறது?

கேள்வி: வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மூன்று ஏக்கர் நஞ்சை, குறுவையும் சம்பாவும் போடுகிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அரசாங்கமே கல்லூரிப் படிப்பை இலவசமாகக் கொடுத்து, மாதாமாதம் பணமும் கொடுப்பது சரிதானா? காசு கட்டாமல் கிடைக்கிற படிப்புக்கு என்ன மதிப்பு? மச்சினர் மகன் அமெரிக்காவில் டென்னசியில் இருக்கிறான். அங்கேயும் பள்ளி முடித்தவர்களுக்கு இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜ் இலவசமாம், ஊரார் வரிப்பணத்தில் இது தேவையா என்று அங்கேயும் சண்டையாம். என் மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது கும்பகோணத்தில் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கிறது, அவள் அண்ணன் வண்டிக்குப் பெட்ரோல் போட அது சரியாகப் போய்விடும். அவன் தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் கடைசி வருடம். நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கிறேன், நாலு அரியர் இருக்கிறது. சும்மா கிடைக்கிற படிப்பால் மகளுக்கு என்ன வேலை கிடைத்துவிடப் போகிறது, நிறுத்திவிட்டு வரன் பார்க்கலாமா என்று யோசனை. உங்கள் கருத்து என்ன?

பதில்: ஐயா, அரசாங்கம் செய்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. ‘ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கிறது.’ ஏன் இருக்கிறது?

அந்தக் கணக்கு உங்கள் மகள் பெயரில் இருக்கிறது. அவள் ஆதாரைக் கொடுத்து, அவள் கையெழுத்துப் போட்டுத் திறந்த கணக்கு. பணம் அப்பா வழியாகவோ கல்லூரி வழியாகவோ வராமல் நேரே அந்தப் பெண்ணின் கணக்கில் விழ வேண்டும் என்று யோசித்துத்தான் அப்படி வைத்தார்கள். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காக அரசாங்கம் இவ்வளவு செய்தும், வீட்டுக்குள் நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை: மேட்டூரில் திறந்த தண்ணீரை வழியில் ஒருவன் மடையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால் கடைமடைக்காரன் என்ன பாடுபடுவான்? அவனுக்காகச் சாலை மறியலில் உட்காருகிற ஊர் உங்கள் ஊர். உங்கள் வீட்டின் கடைமடையில் உட்கார்ந்திருப்பவள் உங்கள் மகள்.

1,000 ரூபாய் என்ன பெரிய பணம் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்குப் பெரிதில்லாமல் இருக்கலாம். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், செமஸ்டர் தேர்வுக் கட்டணம், மாதாமாதம் வாங்க வேண்டிய நாப்கின், மதியம் சாப்பாடு கொண்டுபோகாத நாளில் ஒரு தயிர்சாதம். இது ஒவ்வொன்றுக்கும் அவள் உங்கள் முன்னால் வந்து நின்று, ‘அப்பா, ஒரு நூறு ரூபாய்’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு முன் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடைக்கு எடுக்காமல் மழையில் நனைந்து கிடக்கிற நாள் என்றால் கேட்காமலே போய்விடுவாள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி தாண்டி அபராதத்தோடு கட்டுகிற பெண்கள் எல்லாரும் மறந்துபோய்க் கட்டாதவர்கள் இல்லை. தன் பெயரில் வருகிற பணம் அண்ணனின் வண்டி டாங்கில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டே அவள் இப்படி நிற்கிறாள். என்றைக்காவது வாய் திறந்து கேட்டாளா? கேட்டிருக்க மாட்டாள். கேட்காத பிள்ளையிடம்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தத் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். மூவலூர் உங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான். அந்த அம்மையார் தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து, பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் முறையை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடியவர். 1947ல் அந்த முறைக்குத் தடைச் சட்டம் வந்ததில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1989ல் அவர் பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். பின்னாளில் பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் வாங்கியவளுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு எட்டு கிராம் தங்கம் என்று அது வளர்ந்தது. 2022ல் அதைத்தான் படிப்புக்கான பணமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டார்களே என்று அப்போது பல தகப்பன்மார் கோபப்பட்டார்கள். நான் அந்த மாற்றம் சரி என்றேன், இன்றைக்கும் அதையே சொல்கிறேன். கல்யாணச் செலவு பெற்றவர்கள் பாடு. ஒரு பெண்ணைப் படிக்க வைப்பது பெற்றவர்கள், ஊர், அரசாங்கம் எல்லாருக்கும் சேர்ந்த கடமை. பெண்ணின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் அடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று போராடிய ஒருத்தியின் பெயரில் வருகிற பணத்தை, உங்கள் மகளைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறீர்கள். இதை நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காசு கட்டாத படிப்புக்கு மதிப்பு இல்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டிலேயே காசு கட்டிய படிப்பும் நடக்கிறது, கட்டாத படிப்பும் நடக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய படிப்பில் நாலு அரியர். கட்டாத படிப்பில் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். பிள்ளைகள் நன்றாகப் படிப்பதும் படிக்காததும் கட்டணத்தால் வருவதில்லை. இதற்கு மேல் உங்கள் மகனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பம் இல்லை, அவனும் பிள்ளைதான்.

உங்கள் போர்செட்டுக்குக் கரண்ட் பில் வருவதில்லை. சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டியும் இல்லை. அதை இலவசம் என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், வர வேண்டும். ஊருக்குச் சோறு போடுகிறவனுக்கு அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்கிறது, அவ்வளவுதான். அந்த நியாயம் வயலோடு நின்றுவிடுமா? நாளைக்கு இந்த மாவட்டத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவள் அவள். அவளைப் படிக்க வைக்கிற செலவும் அதே கணக்கில்தான் வரும்.

டென்னசியைப் பற்றி மச்சினர் மகன் பாதிதான் சொல்லியிருக்கிறான். அங்கே 2014ல் சட்டம் போட்டு, 2015ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுக்க இப்படிக் கொடுத்ததில் அதுதான் முதல். அதற்கு அவர்கள் ஒதுக்கி வைத்தது லாட்டரியில் வந்த பணம். மத்திய அரசின் உதவித்தொகை போகக் கல்விக் கட்டணத்தில் மீதி எவ்வளவு நிற்கிறதோ அதை மாநிலம் கட்டிவிடும். அதற்குப் பதிலாக மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் எட்டு மணி நேரம் பொதுச்சேவை செய்ய வேண்டும். இதையே நாடு முழுக்கக் கொண்டுவர ஒபாமா 2015ல் முயன்றார், நடக்கவில்லை. பைடன் முயன்றார், 2021ல் நாடாளுமன்றத்தில் நடந்த பேரத்தில் அது கைவிடப்பட்டது. சண்டை நடப்பது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. புத்தகம், சாப்பாடு, போக்குவரத்து எதற்கும் அதில் பணம் கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளை பாதியில் நிற்பது பல நேரம் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான். நம் ஊரில் அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணத்தையும் எடுத்துவிட்டு, இந்தச் சில்லறைச் செலவுக்கென்று மாதம் 1,000 ரூபாயும் கொடுக்கிறார்கள். 2024லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வருகிறது. டென்னசிக்காரர்கள் அடைக்காமல் விட்ட ஓட்டையை இங்கே அடைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அதைத் திரும்பத் திறந்துவிட்டீர்கள்.

படிப்பின் மதிப்பு குறைகிறது என்று நீங்கள் சொல்வதில் ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. பல அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குறைந்த சம்பளத்தில், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறார்கள். பள்ளிக் கட்டடத்தில் இரண்டு அறையைக் கடன் வாங்கித் தொடங்கிய கல்லூரிகளும் உண்டு. மதிப்பு அங்கேதான் குறைகிறது. கல்லூரியைத் திறந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எந்த அரசாங்கமும் நினைக்கக் கூடாது, ஆசிரியரைப் போடுவதும் ஆய்வகத்தில் கருவி வாங்கி வைப்பதும் அதே கடமைதான். கிராமசபையில் எழுந்து கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினர் வரும்போது நிறுத்திக் கேளுங்கள். மூன்று ஏக்கர் வைத்திருக்கிற வரி கட்டுகிற மனிதர், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அந்தக் குறைக்காக மகளை நிறுத்துவது என்ன நியாயம்?

அவள் தினமும் போய் வருகிற கும்பகோணத்தில் 1904ல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் இராமானுஜன். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகவில்லை, உதவித்தொகை நின்றது. அப்பா ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறவர், கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. பையன் 1905ல் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பிற்பாடு கை கொடுக்க நாலு பேர் வந்தார்கள், நமக்குப் பெயர் தெரிகிறது. அதே கல்லூரியில் பணம் கட்ட முடியாமல் நின்றுபோன மற்றவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? அரசாங்கம் செலவழிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அந்த மற்றவர்களுக்காக. மேதைகளுக்கு மட்டும் செலவழித்தால் போதும் என்று ஒரு கூட்டம் எப்போதும் சொல்லும். பதினேழு வயதில் யார் மேதை, யார் நல்ல நர்ஸ், யார் நல்ல கணக்கு டீச்சர் என்று பார்த்துப் பொறுக்க எவராலும் முடியாது.

வேலை கிடைக்காது என்று இரண்டாம் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பி.எஸ்சி. முடித்தால் பி.எட். இருக்கிறது, டிஎன்பிஎஸ்சி இருக்கிறது, வங்கித் தேர்வு இருக்கிறது. பாதியில் நிறுத்திய பெண்ணுக்குப் பட்டம் கேட்கிற எந்த வேலையும் இல்லை. நாளைக்குப் போகிற வீட்டில் ஏதாவது ஒன்று ஆகி, கையில் ஒரு பிள்ளையோடு அவள் திரும்பி வந்தால், அப்போது அவளை உட்கார வைத்துச் சோறு போட உங்களுக்கு வயது இருக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் வரன் பார்க்கிற தகப்பன் தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறார்.

ஆகவே இன்றைக்குச் சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கையில் கொடுங்கள். ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், புது எண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவள் அதை எதற்குச் செலவழிக்கிறாள் என்று கணக்குக் கேட்காதீர்கள். இதுவரை எடுத்ததை எண்ணிப் பார்த்து, சம்பா நெல் போட்ட பணம் வந்ததும் அவள் கணக்கிலேயே திரும்பக் கட்டுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு மூன்று தவணையாக. மகனிடம் பெட்ரோலுக்கு இனி வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள். பஸ் அவன் கல்லூரிக்கும் போகும். தரகர் யாரிடமாவது மகளின் ஜாதகத்தைக் கொடுத்து வைத்திருந்தால் திரும்ப வாங்கிப் பீரோவில் வையுங்கள். அவள் பட்டம் வாங்கி, மேலே படிக்கவா வேலைக்குப் போகவா என்று அவளே ஒரு பதில் சொன்ன பிறகு அதை வெளியே எடுக்கலாம்.