இந்தக் கையோடு எப்படி அப்பம் வாங்க?

அன்புள்ள ஐயா,

என் தம்பி ராணுவத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசியாக எல்லையில் சண்டை நடந்த இடத்தில் இருந்தான். அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவன் எங்களோடு கோயிலுக்கு வந்தான், பாட்டெல்லாம் பாடினான். திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போனபோது மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, “இந்தக் கையோட எப்படிக்கா அப்பம் வாங்க?” என்றான். பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டான் என்று அம்மா ஒரே அழுகை. “கொலை செய்யாதிருப்பாயாக” என்று படித்து வளர்ந்தவன், போரில் துப்பாக்கியும் பிடித்து விசுவாசத்தையும் காப்பாற்ற முடியுமா? இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் அழுகைக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். விசுவாசத்தை விட்டவனுக்குத் திருவிருந்தில் என்ன தயக்கம்? ஊரோடு எழுந்து போய், கையை நீட்டி வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்திருப்பான். அந்த அப்பம் கிறிஸ்துவின் சரீரம் என்று இன்னும் நம்புகிறவனுக்குத்தான் கை கூசும். உங்கள் தம்பி பெஞ்சிலேயே இருந்துவிட்டதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்தக் கூச்சம் சபைக்குப் புதிதும் இல்லை. நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் செசரியாவில் பேசில் என்ற ஆயர் இருந்தார். ரோமப் பேரரசே கிறிஸ்தவத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம், படையிலும் கிறிஸ்தவர்கள். இன்னொரு ஆயருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைப் பற்றிச் சொல்கிறார். போரில் கொல்வதை முன்னோர் கொலைக் கணக்கில் சேர்க்கவில்லை; ஆனாலும் கை சுத்தமில்லை என்பதால் மூன்று வருடம் திருவிருந்தில் மட்டும் பங்குபெறாமல் இருப்பது நல்லது என்கிறார். மற்ற ஆராதனைக்கெல்லாம் வரலாம். உங்கள் தம்பி பாட்டுப் பாடிவிட்டு, அப்பத்துக்கு எழாமல் இருந்தார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. அவர் பேசிலைப் படித்திருக்க மாட்டார். மனம் அதே இடத்துக்குப் போயிருக்கிறது.

1066-இல் இங்கிலாந்தின்மேல் படையெடுத்து ஹேஸ்டிங்ஸில் ஜெயித்த நார்மன் படைக்கும் ஆயர்கள் இப்படி ஒரு ஒழுங்கு வைத்தார்கள். தோற்றவர்களுக்கு இல்லை, ஜெயித்தவர்களுக்கு. கொன்றது எத்தனை பேர் என்று தெரிந்தவன் ஆளுக்கு ஒரு வருடம் தவம் இருக்க வேண்டும். எண்ணிக்கை தெரியாதவன் ஆயுள் முழுக்க வாரத்தில் ஒரு நாள். அம்பு எய்தவனுக்கு எது யார்மேல் பட்டது என்றே தெரியாதே, அவனுக்கு மூன்று தபசு காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு). இன்று படித்தால் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி தெரியும். எனக்கு அதில் பெரிய இரக்கம் தெரிகிறது. நீ செய்தது பாரமானதுதான் என்று அவனிடம் உள்ளதைச் சொன்னார்கள். கூடவே, அதை இறக்கி வைக்க ஒரு நாளையும் குறித்துக் கொடுத்தார்கள். நாம் மாலை போடுகிறோம், கைதட்டுகிறோம். ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறவனுக்கு எந்தத் தேதியும் குறித்துக் கொடுப்பதில்லை.

சரி, இரண்டில் ஒன்றை விட வேண்டுமா என்ற கேள்வி. அமெரிக்காவில் டென்னசி மலைப்பக்கத்தில் ஆல்வின் யார்க் என்று ஒருவர் இருந்தார். குடியும் அடிதடியுமாகத் திரிந்து, பிறகு மனந்திரும்பியவர். குறி தவறாமல் சுடுவார். 1917-இல் முதல் உலகப் போருக்காகக் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது, விலக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு, சண்டை போட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தார். பைபிளைத் தவிர வேறு தனிக் கொள்கை உங்கள் சபைக்கு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பைபிள் ஒன்றே போதும் என்று இருந்தவருக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும்!

முகாமில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் மேஜர் பக்ஸ்டன். அவரும் பைபிளை நன்றாகப் படித்தவர். யார்க்கைக் கோழை என்று விரட்டாமல், கூப்பிட்டு உட்காரவைத்து வசனத்துக்கு வசனம் பேசினார். “பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்று ஒரு பட்டயத்தைக் கொள்ளக்கடவன்” என்ற இயேசுவின் வசனத்தை அவர் எடுத்துக் காட்டினார்; பட்டயம் என்றால் வாள். அப்புறம், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வா என்று பத்து நாள் லீவும் கொடுத்தார். யார்க் மலைமேல் தனியாகப் போய் ஜெபித்தார், போகலாம் என்று தெளிந்து திரும்பி வந்தார். பின்னாளில் தன் மகன்களில் ஒருவருக்கு அந்த மேஜரின் பெயரையே வைத்தார்.

1918 அக்டோபர் 8, பிரான்சில் ஆர்கான் காடு. அவரோடு போனவர்கள் பதினாறு பேர். இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் அங்கேயே விழுந்தார்கள். யார்க் சுட்டார். இருபதுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் இறந்தார்கள். சுட்டுக்கொண்டே, சரணடையுங்கள், இறங்கி வாருங்கள் என்று கத்திக்கொண்டும் இருந்தார். தேவைக்கு மேல் ஒருவரைக்கூடக் கொல்ல மனமில்லை. கடைசியில் 132 பேர் கைதிகள். உலகம் கொண்டாடுவது இந்தக் கணக்கைத்தான். எனக்கு அதற்கு மறுநாள்தான் முக்கியம். யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று பார்க்க, உத்தரவு வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். ஒருவரும் இல்லை. அங்கேயே தன் தோழர்களுக்காக ஜெபித்தார். ஜெர்மானியருக்காகவும் ஜெபித்தார், அவர்களும் என் சகோதரர்கள்தான் என்று. முதல் நாள் தான் சுட்டவர்கள்!

வேறு வழியில் போனவரும் உண்டு. டெஸ்மண்ட் டாஸ், இரண்டாம் உலகப் போரில் மருத்துவ உதவியாளர். துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்றவர். 1945 மே மாதம் ஒகினாவாவில், செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து சுமார் 75 காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஆண்டவரே, இன்னும் ஒருவரைக் காப்பாற்ற உதவும் என்பதுதான் ஜெபம். சில நாள் கழித்து அவர் கை எலும்பு குண்டு பட்டு உடைந்தது. கீழே கிடந்த துப்பாக்கியின் கட்டையை எடுத்துக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தே வந்தார்.

டாஸைக் காட்டி உங்கள் தம்பியைக் குற்றவாளி ஆக்க யாராவது வருவார்கள். யார்க்கைக் காட்டி, இதெல்லாம் ஒரு பாவமா என்று தட்டிக்கொடுக்கவும் வருவார்கள். இரண்டு பேச்சும் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைபிளில் போர்ச்சேவகர், இயேசுவுக்கு முன் வந்த தீர்க்கதரிசி யோவான் ஸ்நானகனிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள் இல்லையா? ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதீர்கள், சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். படையை விட்டு வா என்று சொல்லவில்லை. ஆயுதத்தை ஆசீர்வதிக்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை நூற்றாண்டாக விசுவாசமுள்ள ராணுவக்காரர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். அது சுகமான இடம் இல்லை, நிற்க முடியாத இடமும் இல்லை.

நம் ராணுவத்தில் மத போதகர்கள் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) பதவியில் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியாரும் உண்டு. வீட்டில் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம் என்று தம்பியிடம் ஒரு முறை சொல்லிவையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

அடுத்த லீவில் அவர் வரும்போதும் எழுந்து போகாமல் இருக்கலாம். அன்றைக்கு மட்டும் நீங்களும் போகாதீர்கள். எல்லாரும் போய்த் திரும்பி வருகிறவரை, அவர் பக்கத்திலேயே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்.